யாருடைய வினை?

எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குச் சிக்கல் வந்துவிட்டது என்று தெரியவரும்போது, நம் ஊரில் முதலில் எழுவது மருத்துவக் கேள்வியாக இருப்பதில்லை. ‘இவருக்கு இது தேவைதானா?’ என்பார் ஒருவர். ‘வாயைக் கட்டியிருந்தால் வயிற்றைக் கிழித்திருக்க வேண்டாம்’ என்பார் இன்னொருவர். பேச்சு அடங்கும் நேரத்தில் பெரியவர் யாராவது ‘செஞ்ச வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்’ என்று முடித்துவைப்பார். குடல்வால் வெடித்துப் படுத்தவரிடமோ டெங்குவில் கிடப்பவரிடமோ யாரும் இப்படிப் பேசுவதில்லை. கூடலூரை அடுத்த தேவர்சோலை போன்ற ஒரு மலைப் பேரூரில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும், மலையாளம் பேசும் குடியேறிகளும், பழங்குடிகளான பணியரும் குறும்பரும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே சாலையில் இருக்கின்றன. ஆனாலும் இந்தத் தீர்ப்பில் எல்லோரும் ஒன்றுகூடிவிடுகிறார்கள். ஒருவர் வினை என்பதை மற்றவர் பாவம் என்பார், இன்னொருவர் இறைவனின் சோதனை என்பார். சொல் வேறானாலும் சுமை விழுவது படுக்கையில் கிடப்பவர் தலையில்தான். இந்தத் தீர்ப்புக்கு மருத்துவ ஆதாரமும் இல்லை, அதைச் சொல்பவர்கள் நம்பும் சமயங்களின் ஆதரவும் இல்லை என்பது என் வாதம். அதைவிட முக்கியமாக, அந்தத் தீர்ப்பே நோயாளியின் உடலுக்குக் கேடு செய்கிறது.

என்ன செய்யப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இன்று அதிகம் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ‘பைபாஸ்’ முறையில் ஒரு முட்டை அளவுக்குச் சிறிய பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். முதல் சில வாரங்களில் தையலிட்ட இடம் கசியலாம், இரத்தம் கசியலாம், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். சில மாதங்களில் பாதை சுருங்கிப் போய் வாந்தி நிற்காமல் வரலாம், பித்தப்பையில் கல் சேரலாம், முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். இனிப்பு சாப்பிட்டதும் வியர்த்து நெஞ்சு படபடத்து மயக்கம் வருவதை ‘டம்பிங்’ என்கிறார்கள். வருடங்கள் போனால் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்துகொண்டே வரும், நெஞ்செரிச்சல் நிலைத்துவிடும், எடை கொஞ்சம் திரும்பும், தொங்கும் தோல் உரசிப் புண்ணாகும். இவை எல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் எவையும் புதிரானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும், பெரும்பாலானவற்றுக்குத் தீர்வும் தெரியும்.

இப்போது ‘வாயைக் கட்டியிருந்தால்’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பசி என்பது மனத்தின் பலவீனம் என்று நாம் நெடுங்காலமாக நம்பிவந்திருக்கிறோம். 1999இல் ஜப்பானில் மசாயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அது ஏறும், சாப்பிட்டபின் இறங்கும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களுக்கு இந்த ஹார்மோன் முன்பைவிடக் கூடுகிறது என்பதை 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 50 பேரைக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைக்கச் செய்து, ஓராண்டுக்கும் மேல் கழித்துச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்புகள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. எடை இழந்த உடல் அதைத் திரும்பப் பெற ஓயாமல் போராடுகிறது என்பதே இதன் பொருள். ஸ்லீவ் முறையில் வெட்டி எடுக்கப்படும் பகுதிதான் கிரெலின் அதிகம் சுரக்கும் இடம். பலருக்கு அறுவைக்குப் பின் பசி அடங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒரு சதைத்துண்டை எடுத்ததும் அடங்கும் ஒன்றை, அதுவரை அடக்க முடியாமல் தவித்தவரின் ஒழுக்கக்கேடு என்று எப்படிச் சொல்ல முடியும்? தமிழ்நாட்டில் பெண்களில் 30.9 சதவீதமாக இருந்த மிகை எடை, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 40.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் பெண்கள் இத்தனை பேர் திடீரென்று ஒழுக்கம் தவறினார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மாறியது உணவும் வேலையும் உறக்கமும் சந்தையும்.

தீராப் பசியை நோயாகப் பார்க்கும் கண் நம் இலக்கியத்தில் முன்பே இருந்தது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு ‘யானைத்தீ’ என்னும் பசி. எவ்வளவு உண்டாலும் அடங்காதது. பொதியில் மலைப் பக்கம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் கனியை ஒரு முனிவர் வைத்துவிட்டு நீராடப் போகிறார். காயசண்டிகை அதைக் காலால் மிதித்துவிடுகிறாள். அதற்குக் கிடைத்த சாபம் அது. சாத்தனாரும் வினையைச் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் புகார் நகரத்தில் அவளைச் சந்திக்கும் மணிமேகலை என்ன செய்கிறாள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நீ என்ன பாவம் செய்தாய் என்று தொடங்காமல், அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு அவள் கையில் இடுகிறாள். பசி தீர்கிறது. நம்மில் பலர் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். காப்பியம் நிறுத்தவில்லை. நோய் தீர்ந்த காயசண்டிகை தன் ஊருக்கு வானவழியாகத் திரும்புகிறாள், தனியாக. விந்திய மலையின் உச்சிக்கு மேலே யாரும் பறக்கக் கூடாது. பறந்தால் அதைக் காக்கும் விந்தாகடிகை நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றில் இட்டுக்கொள்வாள். காயசண்டிகை அப்படித்தான் முடிகிறாள். பசிப்பிணி நீங்கியவள் திரும்பும் வழியில் வேறொரு வயிற்றுக்கு இரையாகிறாள். குணமாவது ஒரு நாளில் முடிவதில்லை என்பதையும், அதற்குப் பிந்தைய பயணத்தில்தான் வழி தெரிந்த துணை தேவை என்பதையும் இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை. அவளுடைய கணவன் காஞ்சனன் அவள் எங்கே என்று தெரியாமல் தேடி வந்து, ஆள் மாறாட்டத்தில் சோழ இளவரசன் உதயகுமரனை வெட்டுகிறான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். துணையற்ற ஒரு மீட்சியின் விலையை அவள் மட்டும் கொடுக்கவில்லை.

எண்களும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. சுவீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் 2010 பேர் அறுவை செய்துகொண்டார்கள், 2037 பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 5 பேர். சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அறுவைக் குழுவில் 101 பேரும் மற்றக் குழுவில் 129 பேரும் இறந்திருந்தார்கள். அமெரிக்காவில் பத்து மையங்களில் 4776 பேரைத் தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில் முப்பது நாள் மரணம் 0.3 சதவீதம், ஏதேனும் ஒரு பெரிய சிக்கலைச் சந்தித்தவர்கள் 4.3 சதவீதம். ஆக, இந்தச் சிகிச்சை பலரைக் காப்பாற்றுகிறது. சிலரைக் காவு கொள்ளவும் செய்கிறது. இதில் யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம். அந்த 4.3 சதவீதத்தினர் மற்றவர்களைவிட அதிகப் பாவம் செய்தவர்கள் என்று வாதிட விரும்புபவர், உயர் இரத்த அழுத்தத்துக்காக மாத்திரை எடுத்தும் பக்கவாதம் வந்தவரையும் அதே தராசில் நிறுத்தியாக வேண்டும்.

இவை வெளிநாட்டுக் கணக்கு, நம்மூர் மருத்துவமனைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போய் உயிரிழந்தார். தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை விசாரணைக் குழு அமைத்தது. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய ஏற்பாடுகள் இல்லை என்ற காரணத்தோடு அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக முடக்கப்பட்டது. வினை என்ற ஒரு சொல்லோடு அந்தக் குடும்பம் நின்றிருந்தால் அந்த விசாரணையே நடந்திருக்காது. எங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, மயக்க மருந்து நிபுணர் யார், இரத்தம் கசிந்தால் இரவில் யார் வருவார் என்பவை எல்லாம் கேட்கக்கூடிய, கேட்கவேண்டிய கேள்விகள். வினையின் பேரில் நோயாளியின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றும்போது, இந்தக் கேள்விகளிலிருந்து மற்ற எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் இந்தத் தப்பித்தலை அனுமதிப்பதில்லை. பத்துக் குறளில் முதல் ஏழு, நோய் எப்படி வருகிறது என்பதையும் அளவறிந்து உண்பதையும் பேசுகின்றன. வாயைக் கட்டச் சொல்பவர்கள் வள்ளுவரைத் தங்கள் பக்கம் அழைக்க இந்த ஏழு போதும். ஆனால் அளவு மீறியவனுக்கு மருத்துவம் எதற்கு என்று வள்ளுவர் நினைத்திருந்தால் அதிகாரம் அங்கேயே முடிந்திருக்கும். மிச்ச மூன்றில் அவர் மருத்துவரின் கடமைக்குப் போகிறார், கடைசிக் குறளில் மருத்துவத்தையே நான்காகப் பங்கிடுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். பரிமேலழகர் இந்த நால்வகைக்கும் நந்நான்கு பண்புகளைச் சொல்லி விரிக்கிறார். நோயாளியிடம் அவர் எதிர்பார்ப்பவற்றுள் ஒன்று, தன் நோயின் நிலையை மருத்துவருக்கு எடுத்துச் சொல்லும் திறன். கவனிப்பவரிடம் முதலில் எதிர்பார்ப்பது நோயாளி மீது அன்பு. இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. அன்பில்லாத இடத்தில் எந்த நோயாளியும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. ஏச்சுக்குப் பயந்து மறைத்துவிடுவார்.

மறைப்பது உயிரை வாங்கும் என்பதை மலையிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். தேவர்சோலையிலிருந்து கூடலூர் பக்கம்தான். ஆனால் அங்கிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், நடுவட்டத்தின் வளைவுகளில் ஏறிப் போக வேண்டும். ஊட்டியிலிருந்து கோவைக்கு மேலும் 85 கிலோமீட்டர், இறக்கம். எடைக் குறைப்பு அறுவையைப் பெரும்பாலும் கோவையிலோ சென்னையிலோ செய்துகொண்டு வீடு திரும்புபவர், சிக்கல் வந்தால் முதலில் ஏறுவது பக்கத்து கிளினிக் படியைத்தான். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது பெரிய மாற்றம். ஆயினும் நள்ளிரவில் முதல் தீர்மானம் எடுக்கப்படுவது அதற்கு வெகு தூரத்தில். தையல் கசியும்போது பருமனான உடலில் வயிறு கல்லாக இறுகாமலே போகலாம். பல நேரம் முதலில் தெரிவது நாடித் துடிப்பு வேகமாவது மட்டும்தான். அறுவை நடந்தது தெரியாத மருத்துவர் அதைப் பதற்றம் என்றோ வாயு என்றோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடக்கூடும். இன்னொன்று இதைவிடக் கொடியது. நாள்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். நம் ஊரில் வாந்தி என்று போனால் கை தானாக குளுக்கோஸ் பாட்டிலைத்தான் எடுக்கும். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படும். காட்சி இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். வெர்னிக்கி பாதிப்பு என்று மருத்துவர்கள் சொல்லும் இது, சில நேரம் திரும்பாமலே நின்றுவிடும். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்ற வரிசையே போதும் இதைத் தடுக்க. ஆனால் அந்த வரிசை மருத்துவருக்குத் தோன்ற வேண்டுமானால், நோயாளி ‘நான் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவள்’ என்று சொல்ல வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி, உறவினரிடம் ‘குடலிறக்க ஆபரேஷன்’ என்று சொல்லிவைத்தவர், அந்த உறவினர் நிற்கும் அறையில் உண்மையை எப்படிச் சொல்வார்? நம் தீர்ப்பு நோயாளியின் நரம்பு வரைக்கும் போய்ச் சேரும் பாதை இதுதான்.

இனி சமயத்தின் வாசலுக்கு வருவோம். துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்பதை இந்தியச் சமயங்கள் அனைத்தும் ஒரே குரலில் சொல்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறான். மனிதர் அனுபவிக்கும் எல்லாமே முன்வினையால் என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், உடலை முறையின்றிப் பேணுவது, வெளியிலிருந்து வரும் தாக்குதல், வினைப்பயன். வினை எட்டில் ஒன்று. எல்லாம் வினையே என்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்கிறார். வினைக் கொள்கையை ஏற்றுக்கொண்ட ஒருவரே இதைச் சொல்கிறார் என்பதுதான் இதன் கனம். விவிலியத்தில் யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும், நீ பாவம் செய்யாமல் இப்படி ஆகாது என்று பக்கம் பக்கமாக வாதிடுகிறார்கள். கடைசியில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் இவனுடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டையும் மறுத்தார் இயேசு. தேவர்சோலையில் எந்த வாசலில் நின்று கேட்டாலும், படுக்கையில் கிடப்பவரிடம் கணக்குக் கேட்க அனுமதி கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குச் சைவர் ஒருவர் வலுவான மறுப்பை வைக்க முடியும். திருநாவுக்கரசரின் சூலைநோயை என்ன சொல்வது? அது வயிற்று நோய், அவரை ஆட்கொள்ள இறைவனே கொடுத்தது என்றல்லவா பெரியபுராணம் சொல்கிறது? நோய்க்குப் பொருள் இருக்கிறது, அதை மறுப்பது பக்தியையே மறுப்பதல்லவா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தாளாத வலியோடு வந்த தம்பியிடம் திலகவதியார் நீ சமணம் போனதற்கான தண்டனை என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏற்றுக்கொள்கிறார், திருநீறு தருகிறார், திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். நாவுக்கரசரும் தான் என்ன தவறிழைத்தேன் என்று அறியாத நிலையில்தான் முறையிடுகிறார். வலிக்குப் பொருள் கண்டது வலித்தவர். ஒருவர் தன் துன்பத்தில் இறைவனின் கையைக் காண்பது அவருடைய ஆன்மிக உரிமை. அதே பொருளைப் பக்கத்து வீட்டார் எடுத்து அவர் மேல் ஒட்டினால் அது பழி. வாக்கியம் ஒன்றுதான், சொல்பவர் மாறியதும் அதன் அறம் மாறிவிடுகிறது. ‘சோதித்து உன்னைத் தூய்மையாக்குகிறார்’ என்று ஆறுதலாகச் சொல்பவர்களும் இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

குறுக்குவழி என்ற குற்றச்சாட்டு அடுத்தது. நோன்பிருந்தும் உடலை வருத்தியும் பெறவேண்டியதைக் கத்தியால் வாங்கிக்கொண்டார்கள், ஆகவே இது புலனடக்கத்துக்கு எதிரானது என்பார்கள். முதலில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளே இந்த அறுவையை, உடல் நிறை குறியீடு 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதயநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற கடும் நோயோடு எளிய வழிகளும் பலிக்காமல் போனவர்களுக்கும் மட்டுமே ஏற்கின்றன. வருடக்கணக்கில் முயன்று தோற்றவர்கள்தான் அந்த மேசைக்கு வருகிறார்கள். இரண்டாவதாக, அறுவைக்குப் பிறகு வாழ்வதைப் பார்த்தவர்கள் அதைக் குறுக்குவழி என்று சொல்ல மாட்டார்கள். திரவ உணவில் தொடங்கிக் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டு, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் தள்ளிவைத்து, முதலில் புரதம் பிறகு மற்றது என்று வரிசை பிடித்து, வைட்டமின்களை ஆயுள் முழுவதும் எடுத்து, ஆண்டுதோறும் இரத்தம் சோதித்து வாழ வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சரிவில் சுமை தூக்குவது சில வாரங்களுக்கு ஆகாது. அந்த வாரங்களின் கூலியை யார் ஈடுசெய்வது என்பது தனிக் கவலை. தேயிலை விளையும் ஊரில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரும்பு மாத்திரைக்கும் சாயாவுக்கும் இடையே ஓரிரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், சுண்ணாம்பு மாத்திரைக்கும் அதேபோல. காலையில் எழுந்ததும் கட்டன் சாயா குடித்துப் பழகிய நாக்குக்கு இது எளிதல்ல. நாற்பத்தெட்டு நாள் விரதத்தை மதிக்கும் நாம், முடிவே இல்லாத இந்த விரதத்தைக் காணத் தவறுகிறோம்.

இறைவன் கொடுத்த உறுப்பை வெட்டி எறியலாமா என்ற தயக்கமும் உண்மையானது, ஏளனத்துக்கு உரியதல்ல. சைவ சித்தாந்தத்தில் உடல் என்பது உயிர் தன் மலம் என்னும் அழுக்கு நீங்க இறைவன் தந்த கருவி. கருவியைப் பேணுவதும் பழுது பார்ப்பதும் கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை என்றே அதிலிருந்து பெறப்படும். திருமூலரின் மரபும் உடலை இகழ்வதை விட்டு, அதை உள்ளிருப்பவனின் இடமாகக் கண்டு காக்கும் பக்கம் திரும்பியது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவதையும் நோய் தீர்க்கச் செய்யும் சிகிச்சையையும் பிரித்தே பார்க்கிறார்கள். ரமலான் நோன்பிலிருந்து நோயாளிக்கு விலக்கை குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே தருகிறது. ஆனாலும் அறுவை முடிந்த முதல் ஆண்டில், ஊரோடு சேர்ந்து நோன்பிருக்கத் துடித்து நீர்ச்சத்து வற்றி விழும் ஆபத்து இருக்கிறது. ஏகாதசிக்கும் மார்கழிக்கும் மாலை போட்டிருக்கும் காலத்துக்கும் இது பொருந்தும். கோயிலில் கையில் விழும் பஞ்சாமிர்தம் ஒரு விரல் நுனி அளவே போதும், கண்ணில் ஒற்றிக்கொண்டாலும் பிரசாதம் பிரசாதம்தான். இதை நோயாளி தானாகச் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும். பூசாரியோ உஸ்தாதோ பங்குத்தந்தையோ சபையில் சொன்னால் அது நெறியாகிவிடும். சமயத் தலைவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய மருத்துவ உதவி இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பழியை எடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விடாதா? மாத்திரையை விட்டவர், பரிசோதனைக்குப் போகாதவர், இனிப்புப் பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து எடையைத் திரும்ப ஏற்றிக்கொண்டவர், இவர்களிடம் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம். நேற்றைய கணக்குக்கும் நாளைய கடமைக்கும் வேறுபாடு வைத்துக் கேட்க வேண்டும். ‘ஏன் இப்படி ஆனாய்’ என்பது நோயாளியால் மாற்ற முடியாததைப் பற்றிய கேள்வி. ‘இன்று மாத்திரை எடுத்தாயா, நான் கூட வரட்டுமா’ என்பது மாற்றக்கூடியதைப் பற்றியது. சுவீடன் ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் பத்தாண்டுக்குப் பிறகும் தொடக்க எடையில் 25 சதவீதம் குறைந்தே இருந்தார்கள், ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் தொட்ட அடிமட்டத்திலிருந்து சற்று ஏறித்தான் இருந்தார்கள். கொஞ்சம் எடை திரும்புவது இந்தச் சிகிச்சையின் இயல்பு, தோல்வி அல்ல. அமெரிக்க ஆய்வொன்றில் குடிநோய்க்கு ஆளானவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதம். பைபாஸுக்குப் பின் மது வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது, உணவிலிருந்து கிடைத்த ஆறுதலின் இடமும் காலியாகிறது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலரைப் பின்தொடர்கின்றன. இந்த நேரத்தில் ‘இவ்வளவு செலவழிச்சும் திருந்தலையே’ என்ற ஒரு சொல், ஆளை அடுத்த பரிசோதனைக்கு வரவிடாமல் செய்துவிடும். பொறுப்பை வளர்க்க விரும்புபவர் பழியைக் கைவிட்டாக வேண்டும், ஏனென்றால் பழிக்கு அஞ்சுபவர் முதலில் கைவிடுவது பொறுப்பை ஏற்கும் இடத்துக்கு வருவதைத்தான்.

வள்ளுவர் சொன்ன நான்காம் பங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதுதான் நம்மிடம் மிகவும் பலவீனமாக இருக்கிறது. பசியின் நினைவு பல தலைமுறையாக ஊறிய குடும்பங்களில், வந்தவரிடம் முதல் கேள்வி சாப்பிட்டீர்களா என்பதுதான். தட்டு நிறையப் போடுவது அன்பு, மிச்சம் வைப்பது அவமதிப்பு. நான்கு கரண்டிக்கு மேல் இறங்காத ஒருவர் கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் அவரைச் சுற்றி வற்புறுத்தலும் வருத்தமும் கிளம்பும். அன்பு அந்த இடத்தில் அளவை மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும். அரசின் பக்கத்திலும் வேலை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடு வரை நடந்து போகும் அந்தப் பணியாளர், எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவரின் பி12 ஊசியையும் ஆண்டுப் பரிசோதனையையும் நினைவூட்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. அறுவை செய்த மருத்துவமனை, வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஓர் அட்டை கொடுத்தனுப்ப வேண்டும். என்ன அறுவை, எந்த நாளில், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், வாந்தி என்றால் தயமின் முதலில் என்ற நான்கு வரி அதில் இருந்தால் போதும். நோயாளி அதைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளட்டும். கூடலூர் கிளினிக்கில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரிடம் அதை நீட்டும்போது, உடன் வந்த உறவினர் முகத்தைத் திருப்பாமல் நின்று, விட்டுப்போன விவரத்தைத் தானும் எடுத்துச் சொல்லட்டும்.